அபூர்வ நோயாளி ஆவது எப்படி?

புனேயின் ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு ஒரு புதுச் சங்கடம். அரை மாரத்தான் ஓடினேன் என்று சொன்னால் லிஃப்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து மேசைக்காரர் முழு மாரத்தானே முடித்திருக்கிறார். எதிர் ஃப்ளாட் அம்மா ஞாயிறுதோறும் சிங்ககட் கோட்டைக்கு ஏறி இறங்குகிறார். மேனேஜரோ அயர்ன்மேன், எந்த மீட்டிங்கிலும் இரண்டாவது வாக்கியத்துக்குள் அது வந்துவிடும். வேதாள் டெக்டிக் குன்றில் விடிவதற்கு முன்பே நெற்றி விளக்குகள் வரிசையாக மேலேறுகின்றன. புனே சர்வதேச மாரத்தான் 1983-ல் தொடங்கியபோது சாலையோரம் நின்று வேடிக்கை பார்க்கவாவது ஆள் இருந்திருக்கும். இப்போது அவர்களும் நெஞ்சில் எண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார்கள். மெடல் என்றால், முடிவுக்கோட்டைத் தொட்ட அத்தனை பேருக்கும் மெடல்.

தனித்து நிற்க ஒரு வழி இன்னும் மிச்சமிருக்கிறது. நெடுந்தூரம் ஓடி ஓடி, பெருங்குடலுக்கு ரத்தம் போய்ச் சேராமல் அதன் உட்சுவர் புண்ணாகி உரிவது. இரைப்பை கசிவது. வெப்பத்தில் ஈரல் கெடுவது. கணையம் வீங்குவது. எதைக் கேட்டாலும் டாக்டர்கள் ‘ரொம்ப ரேர்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓட்டத்துக்கு நடுவே வயிறு கலக்கி ஓரம் ஒதுங்கியவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. குடலில் ரத்த ஓட்டம் நின்று வார்டில் படுத்தவரைப் புனேயின் அத்தனை பேட்டைகளிலும் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘குடலை உருவி மாலையாப் போட்டுக்குவேன்’ என்று நம்மூர்ச் சண்டையில் மிரட்டுவார்களே, அதற்காவது எதிராளி என்று ஒருவர் வேண்டும். இதற்கு ஒரு ஜோடி ஷூ போதும். செய்முறை கீழே.

கரன்ட் கட் பாடம்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள்கூட அடுப்பு எப்படி எரிகிறது என்று சொல்வதில்லை. நாம் சொல்லிவிடுவோம். இது தெரியாமல் குடலைக் கெடுத்தால் அது வெறும் விபத்து, சாதனையில் சேராது.

2006 வாக்கில் மகாராஷ்டிரத்தில் இருந்தவர்களுக்கு லோட் ஷெட்டிங் நினைவிருக்கும். மின்சாரம் போதவில்லை என்றால் எந்தப் பகுதியை முதலில் இருட்டாக்குவது என்று ஒரு பட்டியல் இருக்கும். உடம்பும் அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் முதல் பெயர் வயிறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு இரைப்பை, குடல், ஈரல், கணையம், மண்ணீரல் பக்கம் போகிறது. ஓட ஆரம்பித்ததும் தொடைத் தசை கை நீட்டுகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலும் கை நீட்டுகிறது. உடனே நரம்புகள் வயிற்றுக்குப் போகும் தமனிகளை இறுக்குகின்றன. கடுமையான ஓட்டத்தில் குடல் பகுதிக்கான ரத்தம் 80 சதவீதம் வரைகூடக் குறையலாம்.

அந்த 2006-ல் புனேக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். பெரிய தொழிற்சாலைகள் நெருக்கடி நேரத்தில் தங்கள் சொந்த ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டன. மிச்சமான மின்சாரத்தில் ஊருக்கு மின்வெட்டே இல்லாமல் ஆயிற்று. ‘புனே மாடல்’ என்று அதற்குப் பெயர்கூட வந்தது. குடலிடம் ஜெனரேட்டர் கிடையாது. கரன்ட் வரும்வரை இருட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் என்றால் உட்கார்ந்திருக்கும். அப்படித்தான் உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஓடிவிட்டு வந்து, குளித்து, மிசள் பாவ் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். நாம் அவர்களுக்காக எழுதவில்லை.

குடலின் உள்ளே சீலை விரித்த மாதிரி இருக்கும் மெல்லிய படலத்துக்குத்தான் முதல் அடி. சிறுகுடலில் உள்ள குட்டிக் குட்டி விரல்களின் நுனிக்கு வழக்கமான நாளிலேயே ஆக்சிஜன் கடைசியில்தான் கிடைக்கும். ரத்தம் குறைந்தால் முதலில் வாடுவது அந்த நுனி. படலம் வாடினால் அதன் காவல் தளர்கிறது. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுத்துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. அவை நேராகப் போய்ச் சேருமிடம் ஈரல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஈரலுக்குப் பிறகு வருவோம்.

பெருங்குடலுக்கு வேறொரு வம்பு. அதற்கு இரண்டு பெரிய தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன. இரண்டும் எல்லை பிரித்துக்கொள்ளும் இடம், இடது விலாவுக்கு அடியில், மண்ணீரலை ஒட்டிப் பெருங்குடல் மடங்கும் மூலை. இரண்டு மாநகராட்சிகளுக்கு நடுவே இருக்கும் தெருவுக்குக் குப்பை வண்டி வருமா? மலக்குடலுக்குச் சற்று மேலேயும் அப்படி ஒரு எல்லை உண்டு. சாதாரணமாக முதியவர்களுக்குக் குடல் ரத்தம் குறைந்து புண்ணாகும்போது இந்த இடங்கள்தான் அதிகம் மாட்டும். ஓட்டக்காரர்களிடம் வலது பக்கமும், அதாவது பெருங்குடல் தொடங்கும் பை போன்ற பகுதியும், அடிவாங்கக் காண்கிறார்கள். 1982-ல் போர்ட்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: ஓடும்போது அந்தப் பை தளர்ந்து ஆடி, வயிற்றுச் சுவரில் மீண்டும் மீண்டும் அறைபடுகிறது. மருத்துவ உலகில் அதற்கு ‘அறை’ என்றே பெயர் நின்றுவிட்டது. மாரத்தானில் பல ஆயிரம் எட்டு வைக்கிறோம். எட்டுக்கு ஒரு அறை. இது உண்மையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் மருத்துவர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு ரத்தம் குறைவதுதான் முக்கியக் குற்றவாளி என்று படுகிறது. ஆனால் அறை என்ற பெயரில் இருக்கும் நீதி எனக்குப் பிடித்திருக்கிறது.

வேகத்தில் சமரசம் வேண்டாம்

ஆலந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து துக்காராம் பல்லக்கும் ஆஷாட ஏகாதசிக்காகப் புறப்பட்டுப் பண்டர்பூருக்குப் போகின்றன. கிட்டத்தட்ட மூன்று வார நடை. லட்சக்கணக்கான வார்க்கரி பக்தர்கள், அதில் எழுபது வயதுக் கிழவிகள் தலையில் துளசி மாடத்தைச் சுமந்துகொண்டு போவார்கள். புனே நகரத்துக்குள் பல்லக்குகள் வரும் நாளில் டிராஃபிக் நின்றுவிடும். தூரத்தைக் கணக்குப் போட்டால் நம் அல்ட்ரா ஓட்டக்காரர்களை வெட்கப்படுத்தும்.

அவர்களைப் பின்பற்றவே கூடாது. பாடிக்கொண்டே நடக்கிறார்கள். பாட மூச்சு மிஞ்சுகிற வேகத்தில் குடலுக்கான ரத்தம் பெரிதாகக் குறையாது. வழியில் உட்காருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், யாராவது கொடுக்கும் டீயைக் குடிக்கிறார்கள். யார் கையிலும் கார்மின் வாட்ச் இல்லை. இப்படிப் போனால் பண்டர்பூர்தான் வரும், வார்டு வராது.

நமக்கு வேண்டியது பேச்சே வராத வேகம், அதுவும் மணிக்கணக்கில். உங்கள் முழுத் திறனில் எழுபது சதவீதத்தைத் தாண்டினால் வெட்டு ஆழமாகிறது. இதற்கு ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சிங்ககட் சுமார் 1,312 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்து அத்கர்வாடியிலிருந்து செங்குத்தான பாதை. மனிதர்கள் காற்று வாங்கிக்கொண்டு ஏறிய கோட்டையில் இப்போது எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்பதுதான் பேச்சு. அது போதாதவர்களுக்குக் காத்ரஜ் மலைப்பாதையிலிருந்து சிங்ககட் வரை இரவு நடை. அதுவும் போதாதவர்களுக்குச் சிங்ககட், ராஜ்கட், தோர்ணா என்று மூன்று கோட்டைகளையும் கோத்து ஓடும் அல்ட்ரா. 1670-ல் தானாஜி மாலுசரே சிங்ககட்டைப் பிடித்துக் கொடுத்து உயிரை விட்டார். உங்களிடம் அவ்வளவெல்லாம் யாரும் கேட்கவில்லை. பெருங்குடலில் ஒரு துண்டு கொடுத்தால் போதும்.

பதிவு செய்யும்போது திரையில் ஒரு நீளமான உறுதிமொழி வரும். படிக்காமல் ‘சம்மதம்’ கட்டத்தை அமுக்கவும்.

தாகத்தை நம்பாதீர்கள், அதை ஒழியுங்கள்

புனேயின் டிசம்பர் விடியல் நம் முயற்சிக்கு என்றே படைக்கப்பட்டது. பன்னிரண்டு பதின்மூன்று டிகிரி குளிர். தாகமே எடுக்காது. வியர்வை உலர்ந்த காற்றில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் மொத்த அளவே குறைகிறது. ஏற்கெனவே வெட்டு வாங்கிய குடலுக்கு அதற்கு மேலும் ஒரு வெட்டு. எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறும்போதுதான் தெரியும், அதற்குள் தாமதம் ஆகியிருக்கும். அதுதானே வேண்டும்.

சிங்ககட் மேலே ஒரு சோதனை காத்திருக்கிறது. மண் சட்டியில் தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, பித்லா பாக்ரி, சூடாக வெங்காய பஜ்ஜி. ‘தாக் க்யா, தாதா’, மோர் வாங்கிக்கோ அண்ணா, என்று கடை மாவ்ஷி கூப்பிடுவார். உப்பும் தண்ணீரும் சேர்ந்த அந்த ஒரு டம்ளர் மோர் இந்தக் கையேட்டின் பாதி உழைப்பைக் கெடுத்துவிடும். காதில் மாட்டியதைக் கழற்றாமல் கடந்துபோங்கள்.

எதிர்ப்பக்கம் போய் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக்கொள்ளும் பிரிவும் ஒன்று உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இருந்தது. அது மூளை வீங்கும் துறை. தனிக் கையேடு தேவைப்படும்.

மாத்திரை

இதுதான் கையேட்டின் உயிர்நாடி. மற்றதெல்லாம் உடம்பு தானாகச் செய்வது. இது நீங்கள் காசு கொடுத்துச் செய்வது.

ஓட்டத்துக்கு முந்தின இரவோ, காலையில் வரிசையில் நிற்கும்போதோ, முழங்கால் வலிக்காமல் இருக்க ஒரு ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்ளுங்கள். வலி வந்த பிறகு போடுவது சாதாரண மனிதர்களின் பழக்கம். வருவதற்கு முன்பே போடுவது ஓட்டக்காரனின் தொலைநோக்கு. இந்த மாத்திரைகள் வலியை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளைத் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பைக்கும் குடலுக்கும் படலத்தைக் காத்து, ரத்த நாளங்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஆக, நரம்பு தமனியை நெரிக்கும்போது எதிர்த்து நின்ற ஒரே ஆளையும் நீங்களே அனுப்பிவிடுகிறீர்கள்.

2012-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் பயிற்சி பெற்ற இளைஞர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். சிறுகுடல் சுவர் சேதமானால் ரத்தத்தில் தலைகாட்டும் புரதம் ஒன்று உண்டு. மிதித்தாலே அது கொஞ்சம் ஏறுகிறது. ஐபுப்ரோஃபென் போட்டு மிதித்தபோது அதே ஆட்களுக்கு இன்னும் அதிகம் ஏறியது. இதைவிட எனக்குப் பிடித்தது 2006-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தைப் பற்றி வந்த ஆய்வு. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களின் ரத்தத்தில் குடல் நச்சு அதிகமாகக் கசிந்திருந்தது. சரி, வலியாவது குறைந்ததா? எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் தசை வலியில் வித்தியாசமே இல்லை. காசு கொடுத்துக் குடலைப் புண்ணாக்கி, அதற்குப் பதிலாக எதுவுமே வாங்கிக்கொள்ளாத தியாகம்.

இதற்கு மேல் மெருகு வேண்டுமென்றால், சளி பிடித்திருக்கும்போது மூக்கடைப்புக்காக சூடோஎஃபெட்ரின் சேர்ந்த மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாம். மூக்கில் நாளங்களைச் சுருக்குவது குடலிலும் சுருக்கும். மருந்துக்கு முகவரி தெரியாது.

தின்பது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதுவரை ஒரு தரம்கூடச் சாப்பிட்டுப் பார்க்காத ஜெல்லைப் பந்தய நாளன்று முதல்முறையாக, தண்ணீர் இல்லாமல், அடுத்தடுத்து மூன்று பிழிந்துகொள்ளவும். ரத்தம் இல்லாத குடலால் அதை உறிஞ்ச முடியாது. தேங்கிய சர்க்கரை உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். பயிற்சி நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக உண்டு பழகினால் குடலும் பழகிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் செய்துவிடாதீர்கள். முந்தின இரவு எண்ணெய் மிதக்கும் மிசள் சாப்பிடுவது உங்கள் விருப்பம். அதனால் மட்டுமே யாரும் அபூர்வ நோயாளி ஆனதில்லை, ஆனால் சூழலுக்கு உதவும்.

காதில் வாங்காமை

இதுவரை சொன்னதையெல்லாம் ஆயிரம் பேர் செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உண்மையான தேர்ச்சி இங்கேதான் பிரிகிறது. குடல் சத்தம் போட ஆரம்பித்த பிறகும் ஓடுவது.

முன்னோடிகள் நமக்கு உண்டு. 1969 மே மாதம் ஆண்ட்வெர்ப்பில் ஆஸ்திரேலியர் டெரெக் கிளேட்டன் 2 மணி 8 நிமிடம் 33.6 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அன்று பந்தயம் முடிந்த பிறகு சிறுநீரில் ரத்தக் கட்டிகளும், கறுப்பு வாந்தியும், கறுப்பு வயிற்றுப்போக்கும் வந்ததாக அவரே பிற்பாடு விவரித்திருக்கிறார். கறுப்பு என்றால் செரித்த ரத்தம்; இரைப்பையிலிருந்து கசிந்தது. 1996-ல் நூறாவது பாஸ்டன் மாரத்தானில் ஜெர்மனியின் ஊட்டா பிப்பிக் வயிற்றுப்போக்கோடும் வலியோடும் தொடர்ந்து ஓடி, கடைசிக் கட்டத்தில் கென்யாவின் டெக்லா லொரூப்பை முந்தி வென்றார். தொடர்ந்து மூன்றாவது வெற்றி. ரத்தம் குறைந்ததால் வந்த பெருங்குடல் அழற்சி என்று பிறகுதான் தெரிந்தது. இவர்கள் உலகத்திலேயே முதலாவதாக வந்தவர்கள் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளவும். வயது வாரியான பிரிவில் நானூற்றுப் பன்னிரண்டாவதாக வரப்போகிற ஒருவர் அதே விலையைக் கொடுப்பது எனக்கு எப்போதும் புரியாத பொருளாதாரம்.

பவுலா ராட்க்ளிஃபைப் பின்பற்ற வேண்டாம். 2005 லண்டன் மாரத்தானில் வயிறு கலக்கியதும், டிவி கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, சாலையோரம் உட்கார்ந்து வேலையை முடித்துக்கொண்டு எழுந்து ஓடி ஜெயித்தும்விட்டார். வெட்கம் இல்லாதவர்களுக்கு இந்தத் துறையில் இடமில்லை. அபூர்வ நோயாளியின் மூலதனமே வெட்கம்தான். முழங்கால் வலி என்றால் குழுவில் இருபது பேரிடம் ஆலோசனை கேட்பவர், மலத்தில் ரத்தம் என்றால் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்.

சொல்லாமல் இருக்கக் காரணங்களும் தாராளமாகக் கிடைக்கும். இடுக்கிப் பிடித்த வலி, ஓடோடிப் போய் உட்கார வேண்டிய அவசரம், அப்புறம் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ ரத்தம். இதைப் பார்த்ததும் தமிழனின் முதல் தீர்ப்பு ‘மூலமா இருக்கும்’. இரண்டாவது தீர்ப்பு ‘சூடு’. ஓட்டக்காரத் தமிழனுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: நேற்றுதான் பீட்ரூட் ஜூஸ் குடித்தோமே. நைட்ரேட் இருக்கிறது, வேகம் கூடும் என்று அதைக் குடிக்காத ஓட்டக்காரர் இப்போது குறைவு. அது போகிற வழியெல்லாம் சாயம் பூசுகிறது என்பதும் உண்மை. கறுப்பாகப் போனால் இரும்புச்சத்து மாத்திரை மேல் பழி போடலாம். இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பல மாதம் ஓட்டலாம்.

திருநெல்வேலியிலிருந்து அம்மா ஃபோன் செய்வார். சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“ஏன்டா, வயித்துக்கு என்ன?”

“ஒண்ணுமில்லம்மா, சூடுதான்.”

“அந்த ஓட்டத்தக் கொஞ்சம் நிறுத்தேன். வெந்தயத்த ஊறவச்சு மோர்ல போட்டுக் குடி. டாக்டர்கிட்ட காமிச்சியா?”

“காமிக்கிறேன்மா.”

இந்தக் கடைசி வாக்கியத்தை எந்த உறுத்தலும் இல்லாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பெண் ஓட்டக்காரர்களுக்கு இதில் ஒரு அநியாயமான சலுகை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் தினம் கொஞ்சம் கசிந்தாலும், சோர்வைப் பார்த்து ‘பொம்பளைங்களுக்கு இது சகஜம்’ என்று வீட்டில் இரும்பு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். ஓடும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஏறவே இல்லை என்றால் கசிவு எங்கே என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் பாடம். கையேட்டில் அதற்கு இடமில்லை.

வலியோடு ரத்தத்தைப் பார்த்த அன்றே நின்று, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ‘ஓடினேன், இந்த மாத்திரை போட்டேன், ரத்தம் போகிறது’ என்று மூன்றே வரியில் சொல்லிவிடுகிறவர்கள் எல்லாவற்றையும் பாழாக்குகிறார்கள். டிரிப்ஸ், குடலுக்கு ஓய்வு, இரண்டு மூன்று நாள் கண்காணிப்பு. பெரும்பாலோருக்குச் சில நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் படலம் திரும்ப வளர்ந்துவிடுகிறது. அவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அறுவை சிகிச்சை மேசைவரை போகிறவர் ஒரு சிலர்தான்; குடலின் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்கிற அந்த வகுப்புக்குத் தாமதம் ஒரு நல்ல நுழைவுச்சீட்டு.

ஈரல், கணையம்: உயர்நிலைப் பயிற்சி

டிசம்பரில் சலித்துவிட்டதா? மே மாதம் இருக்கிறது. மத்தியானம் நாற்பது டிகிரியைத் தொடும் நாளில் மலையேறலாம்.

சிங்ககட் அடிவாரத்துக்குப் போகும் வழியில்தான் கடக்வாஸ்லா, அங்கே தேசியப் பாதுகாப்பு அகாடமி. நகரத்துக்குள்ளே ராணுவ மருத்துவக் கல்லூரியும், முந்த்வாவில் ராணுவ விளையாட்டுக் கழகமும். வெயிலில் ஓடி விழுகிற இளைஞனைப் பற்றி நாட்டில் அதிகம் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே குடியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால் காரியம் கெட்டுவிடும். வெயிலுக்கு உடம்பைப் பத்து நாள், இரண்டு வாரம் என்று படிப்படியாகப் பழக்கு என்பார்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்த வாரத்தில் ஓடாதே என்பார்கள்.

உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் உளற ஆரம்பித்தால் அது வெப்பத்தாக்கு. குடலிலிருந்து கசிந்த நச்சு ஈரலுக்குப் போகிறது என்று சொன்னேனே, இப்போது அது அங்கே போய்ச் சேரும் நேரம். ரத்தம் குறைவு, வெப்பம், நச்சு என்று மூன்றும் சேர்ந்து ஈரல் செல்களைக் கொல்கின்றன. இதில் ஒரு நுணுக்கம்: ஈரல் நொதிகள் உச்சத்துக்குப் போவது இரண்டாம் மூன்றாம் நாள்தான். அன்று சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டால், மஞ்சள் கண் வீட்டிலேயே வரும். மாற்று ஈரல் வரை போன அபூர்வர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

சுற்றி நிற்பவர்களின் ஒத்துழைப்பும் வேண்டும். விளையாட்டு மருத்துவர்களின் விதி, முதலில் குளிர்வி, பிறகு தூக்கு. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கினால் ஈரலும் உயிரும் பிழைக்கும். ஆகவே நண்பர்கள் சுற்றிக் கூட்டம் போட்டுக் காற்றை மறைக்க வேண்டும். வாகனம் எங்கே என்று வாதாட வேண்டும். யாராவது ஒருவர் காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுக்க வேண்டும். வெப்பத்தாக்குக்கு அது ஒரு டிகிரியைக்கூட இறக்காது, ஈரலுக்குக் கூடுதல் வேலை மட்டும் தரும்.

கணையத்துக்கு என்னால் உறுதியான வழி சொல்ல முடியாது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலியோடு வந்து, கணைய அழற்சி என்று தெரிந்தவர்கள் மிகச் சிலரே. குடியோ பித்தக்கல்லோ காரணமாக இருக்குமா என்று டாக்டர் முதலில் பார்ப்பார். இரண்டும் இல்லை என்று ஆகும்போது நீங்கள் அபூர்வத்திலும் அபூர்வம். முயன்று பெற முடியாதது. விலா ஓரத்தில் இழுத்துப் பிடிக்கும் சாதாரணப் பிடிப்பை இதோடு குழப்பிக்கொண்டு பெருமைப்பட வேண்டாம், அது எல்லாருக்கும் வரும், நின்றால் போய்விடும்.

அங்கீகாரம்

வார்டுக்கு வந்துவிட்டீர்கள். வாழ்த்துகள். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டும் பார்த்தாகிவிட்டது. இடது மூலையில் படலம் வீங்கி, நீலம் பாய்ந்து, அங்கங்கே உரிந்திருக்கிறது. பெரிய டாக்டர் பின்னால் ஏழெட்டு இளம் மருத்துவர்கள் வந்து உங்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். இத்தனை வருட ஓட்டத்தில் உங்களைப் பார்க்க இவ்வளவு பேர் நின்றதில்லை.

இனி மாத்திரையை விட்டுவிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள், திரும்ப ஓடலாம் என்பார் டாக்டர். ஓடவே கூடாது என்று சொல்வார் என நீங்கள் எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான்.

பிறகு ஒரு இளம் மருத்துவர் தயங்கித் தயங்கி வருவார். உங்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுத ஆசைப்படுகிறார். இதுதான் நீங்கள் ஓடி வந்த இலக்கு. ஆனால் அதில் உங்கள் பெயர் வராது. ஊர், நிறுவனம், பந்தய எண், நேரம் எதுவும் வராது. ‘38 வயது ஆண், முன்பு நோய் எதுவும் இல்லை’ என்று தொடங்கும். படம் மட்டும் உண்டு. முகம் அல்ல; கேமரா எடுத்த அந்த மூலை, அம்புக்குறி போட்டு. அதை அச்சிட உங்கள் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் ஒரு படிவம் கொண்டுவருவார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படியுங்கள். கை காலியாகத்தானே இருக்கிறது, வாட்சைக்கூடக் கழற்றி வைத்துவிட்டார்கள்.